கூடிப் பயிலும் தேகம்: புதுச்சேரியின் உடற்பயிற்சி மரபு

தேகப்பயிற்சி என்பது ஒருவர் தம் உடம்போடு தனித்து நடத்தும் காரியம், அதற்கு வேண்டுவன மனவுறுதியும் சில கருவிகளுமே என்னும் அபிப்பிராயம் இன்று படித்தவர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதை நம்பியே வீட்டின் ஓர் அறையில் டிரெட்மில் வந்து அமர்கிறது; வாங்கியவர்களுட் பலர் சில மாதங்களில் அதை விட்டுவிடுவதையும், விட்டதற்குத் தம் மனவுறுதியின் குறைவையே காரணமாகச் சொல்லித் தம்மை நொந்துகொள்வதையும் நாம் காண்கிறோம். இந்நோதல் நியாயமானதன்று என்பது என் துணிபு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புதுச்சேரி நகரத்தில் தேகப்பயிற்சி எந்தெந்த உருவங்களில் நடந்துவந்திருக்கிறது என்று ஆராய்ந்து பார்க்கும்போது, அது நிலைத்து நின்ற இடமெல்லாம் ஒரு சிறு கூட்டமும், மாறாத ஒரு வேளையும், வந்தவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசானும் ஒருங்கே அமைந்த இடமாகவே இருப்பது புலனாகிறது.

இன்றைய உருவத்திலிருந்தே தொடங்குவோம். பெருநகரங்களில் தோன்றி இப்பொழுது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்ட ஃபங்ஷனல் ஃபிட்னெஸ் ஜிம் என்பது, கண்ணாடிச் சுவர்களும் குளிர்சாதனமும் வரிசை வரிசையான இயந்திரங்களும் கொண்ட பெரிய ஜிம்மிலிருந்து முற்றிலும் வேறான ஒன்று. பெரும்பாலும் அது ஒரு பழைய கிடங்கோ, தகரக் கூரை போட்ட கொட்டகையோதான். தரையில் கனத்த ரப்பர் விரிப்பு, சுவரோரம் பார்பெல்களும் வட்டுகளும், வெவ்வேறு எடையுள்ள கெட்டில்பெல்கள், தலைக்கு மேலே புல்-அப் கம்பி, மூலையில் தாவி ஏறுவதற்கான மரப்பெட்டிகள், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு வெள்ளைப் பலகை, ஒரு பெரிய கடிகாரம் ஆகிய இவையே அதன் ஆஸ்தி. உட்கார்ந்துகொண்டு ஒரு தசையை மட்டும் இயக்கும் கருவி அங்கே இராது. குந்தி எழுதல், தரையிலிருந்து பாரம் தூக்குதல், தலைக்கு மேல் ஏந்துதல், தொங்கி ஏறுதல், ஓடுதல், தாண்டுதல் என்று வாழ்க்கையில் உடம்பு செய்யவேண்டிய காரியங்களே பயிற்சியாகின்றன.

காலை ஆறு மணி பேட்ச் என்றால் ஆறு மணிக்கு எல்லோரும் வந்துவிட வேண்டும். முதலில் உடம்பைச் சூடேற்றுதல், பிறகு அன்றைக்குரிய ஓர் அசைவை நுணுக்கமாகக் கற்றல், அதற்குப்பின் அன்றைய வொர்க்அவுட், முடிவில் தசைகளைத் தளர்த்துதல் என்று அந்த ஒரு மணி நேரம் பகுக்கப்பட்டிருக்கிறது. இவ்வகை ஜிம்களில் உலகெங்கும் பழக்கமான ‘ஃப்ரான்’ என்னும் வொர்க்அவுட்டை எடுத்துக்கொள்வோம். பார்பெல்லைத் தோளில் தாங்கிக் குந்தி, எழும் வேகத்திலேயே தலைக்கு மேல் தள்ளும் ‘த்ரஸ்டர்’ 21 முறை, புல்-அப் 21 முறை. மறுபடி பதினைந்து பதினைந்து. பின்னர் ஒன்பது ஒன்பது. ஆடவருக்கு விதிக்கப்பட்ட பாரம் ஏறத்தாழ 43 கிலோ. ஆனால் அந்த விதி உச்ச அளவைக் குறிப்பதேயன்றி எல்லோருக்குமான கட்டளையாகாது. சென்ற மாதம் சேர்ந்த வங்கி ஊழியர் வட்டுகள் இல்லாத வெறுங்கம்பியோடு செய்கிறார். முழங்கால் வலியுள்ள ஓர் அம்மாள் மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுவதையே த்ரஸ்டராகக் கொள்கிறார். கம்பியில் தொங்கித் தன்னைத் தூக்கிக்கொள்ள இயலாத மாணவன் காலில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு தூக்குகிறான். பாரம் வேறு, கூடம் ஒன்று, கடிகாரம் ஒன்று. முதலில் முடித்தவர் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. மூச்சு வாங்கியபடியே, இன்னும் முடிக்காதவர் பக்கத்தில் வந்து நின்று அவருடைய எண்ணிக்கையைத் தாம் எண்ணுகிறார். கடைசியாக முடிப்பவருக்கே அங்கே கைதட்டல் அதிகம். முடிந்தபின் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் அவர் எடுத்துக்கொண்ட நேரமும் பாரமும் பலகையில் ஏறுகின்றன.

இம்முறைக்கு இன்று உலகளாவிய பெயரைத் தேடித் தந்தது, கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரில் 2000ஆம் ஆண்டில் கிரெக் கிளாஸ்மனும் லாரன் ஜெனாயும் தொடங்கிய கிராஸ்ஃபிட் நிறுவனம். ஆயினும் இக்கொள்கையின் வேரைத் தேடிச் செல்பவர், புதுச்சேரியை ஆண்ட அதே பிரெஞ்சுக் கொடி பறந்த ஒரு தீவுக்குப் போய்ச் சேருவார். 1902ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து, சேன் பியேர் என்னும் நகரம் சில நிமிஷங்களில் அழிந்தது. மாண்டவர் தொகை முப்பதினாயிரத்தை ஒட்டியது. மீட்புப் பணியில் ஈடுபட்ட பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், ஆபத்து வேளையில் பிறருக்கு உதவ இயலாத பலம் பலமாகாது என்னும் எண்ணத்தைத் தம் வாழ்நாள் முழுவதற்கும் கொள்கையாகக் கொண்டார். நடத்தல், ஓடுதல், தாண்டுதல், நாற்காலால் ஊர்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காத்தல், நீந்துதல் என்று பத்து வகையாகப் பகுத்து அவர் வகுத்த ‘இயற்கை முறை’யை, 1913இல் ரேம்ஸ் நகரில் நிறுவப்பட்ட பயிற்சிக் கல்லூரியில் நடத்திக் காட்டினார். அவருடைய பெயரையே அறியாத ஆயிரக்கணக்கானோர் இன்று தகரக் கொட்டகைகளில் செய்வது பெரும்பாலும் அந்தப் பத்தையே.

இனிப் புதுச்சேரிக்குத் திரும்புவோம். ஜிம் என்ற சொல் வருமுன் இந்நகரத்தில் தேகப்பயிற்சிக் கூடத்தைக் கொட்டடி என்றும், அதை நடத்தியவரைக் கொட்டடி வாத்தியார் என்றும் வழங்கினர். மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய களம், கர்லாக்கட்டைகள், சிலம்பக் கோல்கள், தண்டால், பஸ்கி, குஸ்தி இவையே அதன் பாடத்திட்டம். தமிழிலக்கிய சரித்திரத்தில் கொட்டடிக்கு ஒரு விசேஷமான இடம் உண்டு என்பதைப் பலர் நினைவுகூர்வதில்லை. 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதியாரைக் கனக சுப்புரத்தினம் என்னும் இளைஞர், பிற்காலத்துப் பாரதிதாசன், முதன்முதலில் அறிமுகம் செய்துகொண்டது கொட்டடி வாத்தியார் வேணு நாயக்கரின் திருமண வீட்டில்தான். இன்னார் இருக்கிறார் என்று அறியாமலே பாரதியின் பாடலை இளைஞர் பாட, பாரதியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கவிஞரும் கவிஞரும் சந்திப்பதற்கு மல்லரின் வீடு களமானது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதன்று. அக்காலத்தில் ஒரு தெருவின் இளைஞர் கூடும் இடம் கோவிலுக்கு அடுத்தபடி கொட்டடியாகவே இருந்தது, சுதேசி உணர்ச்சியும் அங்கேயே பரவிற்று. 1910இல் லண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயரும் சரீர பலத்தில் அசையாத நம்பிக்கையுடையவர். இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்பித்தவர்.

ஆனால் கொட்டடியைக் குறையற்ற பொற்காலமாக வருணிப்பது உண்மைக்கு மாறாகும். அது ஆண்களின் உலகம். வாத்தியார் எந்தத் தெருவைச் சேர்ந்தவரோ அந்தத் தெருவின் எல்லையே பெரும்பாலும் அதன் எல்லை. தெருவின் எல்லை என்பது அந்நாளில் ஜாதியின் எல்லையுமாகும். ஐயரே பின்னாளில் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், ஒன்றாய்ப் படித்து ஒன்றாய் உழைத்த பிள்ளைகளில் பிராமணச் சிறுவர் இருவருக்குமட்டும் தனிப் பந்தி போடப்பட்டதும், அதிலிருந்து எழுந்த கிளர்ச்சி 1925இல் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பிவிட்டதும் நாம் அறிந்தவை. சேர்ந்து வியர்ப்பதால் மட்டும் மனிதர் சமமாகிவிடுவர் என்று சொல்வோர் சேரன்மாதேவியை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த எல்லைகளிற் பலவற்றைக் கடந்து, ஒரு நகரத்தின் மத்தியில் முழுச் சமூகமொன்று தேகப்பயிற்சியைத் தன் நித்திய கர்மமாக ஏற்றுக்கொண்ட அபூர்வமான நிகழ்ச்சி, ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தில் 1940களில் நடந்தது. ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரல் 4இல் புதுச்சேரியில் வந்திறங்கினார். அவர் விட்டு வந்த வங்காளத்தில், 1902இல் கல்கத்தாவில் தோன்றிய அனுசீலன் சமிதி முதலிய ரகசியச் சங்கங்கள் வெளித்தோற்றத்தில் உடற்பயிற்சிக் கழகங்களாகவே இயங்கின. லத்தியும் குஸ்தியும் பயின்ற களங்களிலிருந்தே புரட்சியாளர் புறப்பட்டனர். ஆனால் 1926இல் உருவான ஆசிரமத்தில் ஏறத்தாழ இருபது வருஷ காலம் தேகப்பயிற்சி ஒழுங்கான ஸ்தாபனமாக அமையவில்லை. அங்கே இருந்தவர்கள் வயது வந்த சாதகர்கள், குழந்தைகளுக்கு அங்கு இடமே இல்லை.

நிலைமையை மாற்றியது உலக யுத்தம். ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கல்கத்தாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பக்தர் பலர் தம் குடும்பங்களோடு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தனர். குழந்தைகள் வந்தபின் பள்ளிக்கூடம் வேண்டியதாயிற்று. 1943 டிசம்பர் 2ஆம் தேதி, ஏறத்தாழ இருபது பிள்ளைகளோடு, ஆசிரமத்தை நடத்திவந்த ஸ்ரீ அன்னை அதைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் வந்தபின் விளையாட்டு வேண்டியதாயிற்று. 1945இல் வங்காளத்திலிருந்து வந்து நிலையாகத் தங்கிய பிரணவ குமார் பட்டாசார்யா என்னும் இளைஞர், அப்பொழுது இருபத்து மூன்று வயது நிரம்பாதவர், தேகப்பயிற்சி இலாகாவை அமைக்கும் பொறுப்பை ஏற்றார். 2010இல் காலமாகும் வரையில் அவர் பெயரும் அந்த இலாகாவும் ஒன்றாகவே இருந்தன. சிறுவர்களுக்கென்று ஆரம்பித்த பயிற்சியில் ஆசிரியர் சேர்ந்தனர். ஆசிரியரைப் பார்த்துச் சமையற்கட்டிலும் அச்சகத்திலும் தோட்டத்திலும் பணிபுரிந்தவர் சேர்ந்தனர். நடு வயதினரும் முதியவரும் தத்தமக்குரிய பிரிவுகளிற் சேர்ந்தனர். சில ஆண்டுகளுக்குள், மாலையானால் ஒரு சமூகம் முழுவதுமே கோஷ்டி கோஷ்டியாகப் பிளேகிரவுண்டுக்குள் நுழையும் நிலை வந்துவிட்டது.

அங்கே வகுக்கப்பட்ட ஏற்பாடு கவனத்துக்குரியது. வயதுக்கேற்ற பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நிறத்தில் அரைக்கால்சட்டை, மிகச் சிறுவர் பிரிவுக்குப் பச்சை, ஒவ்வொரு பிரிவுக்கும் கேப்டன்கள். தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், பந்தாட்டங்கள், யோகாசனம், பாரம் தூக்குதல் என்று ஆண்டு முழுவதும் பருவத்துக்கேற்ப மாறி மாறி வருவதால் ஓட்டத்தில் வல்லவன் நீச்சலிலும், கைவலிமை மிக்கவள் சமநிலைப் பயிற்சியிலும் தம் குறையைத் தாமே கண்டு திருத்திக்கொள்ள நேர்கிறது. ஒரே துறையில் தேர்ச்சி பெற்றுப் பதக்கம் வாங்குவது நோக்கமாக இருந்திருந்தால் இந்த ஏற்பாடு வீண் விரயம். உடம்பு முழுவதையும் உபயோகமுள்ளதாக்குவது நோக்கமானால் இதைவிடச் சிறந்ததொன்று இல்லை. இன்றைய ஃபங்ஷனல் ஃபிட்னெஸ் ஜிம்மில் பலகையில் நாள்தோறும் வொர்க்அவுட் மாறுவதும் இதே காரணத்தால்தான்.

அன்னை 1878இல் பாரிஸில் பிறந்தவர். எழுபது வயதைக் கடந்த பின்னும் கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் டென்னிஸ் ஆடிவந்தார். மாலையில் பிளேகிரவுண்டுக்கு வந்து, சுவரில் அமைந்த இந்திய வரைபடத்தின் முன் நின்று அணிவகுப்பின் வணக்கத்தை ஏற்று, வரிசையாக வருவோர் கையில் வேர்க்கடலை கொடுத்து அனுப்புவார். 1950களில் அதே மைதானத்தில், பயிற்சி முடிந்தபின், பிரெஞ்சு மொழியில் அவர் நடத்திய கேள்வி-பதில் வகுப்புகள் பின்னர் நூல்களாயின. வியர்வை உலருமுன் தத்துவம் பேசிய அந்தப் பழக்கத்தில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. சரீரம் கீழானது, சிந்தனை மேலானது என்று பிரித்துப் பேசுவதே வழக்கமாகிவிட்ட நம் படித்த வர்க்கத்துக்கு அது ஒரு நேரடியான மறுப்பு.

பெண்கள் விஷயத்தில் ஆசிரமம் செய்த மாறுதலைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். 1940களின் இறுதியில், புடவை நுனி கணுக்காலுக்கு மேலேறினால் தெருவே பேசிய ஓர் ஊரில், வெள்ளைச் சட்டையும் அரைக்கால்சட்டையும் அணிந்து, கூந்தலைத் துணிக்குல்லாயில் ஒடுக்கிக்கொண்டு, பெண்கள் பட்டப்பகலில் தெருவழியே நடந்து மைதானத்துக்குச் சென்றனர். அவர்களுக்கென்று இலேசான தனிப் பயிற்சி எதுவும் வகுக்கப்படவில்லை; ஆடவர் செய்ததையே அவர்களும் செய்தனர். மாதவிடாய் நாட்களில் பெண் விலகி உட்கார வேண்டும் என்ற பழக்கத்தையும் அன்னை ஏற்கவில்லை. உடம்புக்குப் பழக்கமாகிவிட்ட பயிற்சியை அந்நாட்களிலும் நிறுத்த வேண்டுவதில்லை என்றே அறிவுறுத்தினார். பெண் பார்பெல் தூக்கினால் என்ன ஆகும் என்று இன்றும் கவலையோடு கேட்கும் தாய்தந்தையருக்கு, அவர்கள் ஊரிலேயே முக்கால் நூற்றாண்டுக்கு முன் விடை எழுதப்பட்டுவிட்டது.

1949 பிப்ரவரி 21இல் ஆசிரமத்தின் தேகப்பயிற்சி சஞ்சிகை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளிவரத் தொடங்கியபோது, ஸ்ரீ அரவிந்தரே அதற்கு எழுதினார். 1948 டிசம்பர் 30 தேதியிட்ட முதற் செய்தியில் அவர் முக்கியமாகப் பேசியது தசையைப் பற்றியன்று. சகிப்புத்தன்மை, எதிரணியிடம் நேர்மை, தன்னடக்கம், வெற்றியையும் தோல்வியையும் மனம் கோணாமல் ஏற்றல், நடுவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படுதல் ஆகிய குணங்கள் விளையாட்டுக் களத்தில் உண்டாகிப் பொது வாழ்க்கையில் பயன்படுவதையே அவர் எடுத்துரைத்தார். அடுத்த இரண்டாண்டுகளில் அச்சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரைகளில் உடலின் பூரணத்துவம் பற்றிய விசாரம் தொடர்ந்தது. 1950 டிசம்பர் 5இல் அவர் மறைவதற்கு முன் எழுதிய கடைசி உரைநடை நூலாக அவை நின்றுவிட்டன. தியானத்துக்கென்று வந்த சாதகர் சிலருக்கு இந்தத் திருப்பம் பிடிக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. அவர்களுள் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், விளையாட்டு யாருக்கும் கட்டாயமன்று, யோகத்துக்கு அது இன்றியமையாததும் அன்று என்று ஸ்ரீ அரவிந்தர் தெளிவுபடுத்தினார். கட்டாயம் இல்லாமலே ஒரு சமூகம் முழுவதும் நாள்தோறும் வந்தது என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் அம்சம்.

ஏன் வந்தார்கள்? பக்தி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பக்தியின் தொடர்பே இல்லாத ஜிம்களிலும் மக்கள் கூட்டமாக வரும்போது தவறாமல் வருகிறார்கள் என்றால், கூட்டத்தின் தன்மையிலேயே ஏதோ ஒன்று இருக்க வேண்டும். 1898இல் அமெரிக்காவின் இண்டியானாவில் நார்மன் டிரிப்லெட் என்பவர், சைக்கிள் வீரர் தனித்து ஓட்டும்போதைவிடப் பிறரோடு ஓட்டும்போது வேகம் கூடுவதைப் பந்தயப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டுக் காட்டினார். இதற்கு நேர்மாறான முடிவைச் சொன்னவர் பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்சிமிலியன் ரிங்கெல்மன்; கயிறு இழுக்கும் சோதனையில் ஆட்களைக் கூட்டக் கூட்ட ஒவ்வொருவரின் முயற்சியும் குறைந்து, எண்மர் சேர்ந்தபோது தலைக்குரிய பங்கு ஏறத்தாழப் பாதியாயிற்று என்று 1913இல் அவர் வெளியிட்டார். இரண்டும் உண்மையே. கயிற்றை இழுப்பவனின் பங்கு யார் கண்ணுக்கும் தனியே தெரிவதில்லை, ஆகவே அவன் தளர்கிறான். சைக்கிள்காரனின் பங்கு எல்லோருக்கும் தெரிகிறது, ஆகவே அவன் முந்துகிறான். ஜிம்மின் வெள்ளைப் பலகையில் பெயருக்கு நேரே எழுதப்படும் எண்ணும், ஆசிரமத்துக் கேப்டன் கையிலிருக்கும் வருகைப் பதிவும், கொட்டடி வாத்தியார் ஒருநாள் வராதவனின் வீட்டுக்கு ஆள் அனுப்புவதும் இந்த ஒரே வேலையைச் செய்கின்றன: கூட்டத்துக்குள் ஒருவரும் மறைந்துவிடாதபடி பார்த்துக்கொள்கின்றன. கூட்டம் சிறிதாயிருக்க வேண்டும் என்பதன் காரணமும் அதுவே. முன்னூறு பேர் வந்துபோகும் கூடத்தில் ஒருவர் வராததை யார் கவனிப்பார்?

இன்னொன்றும் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் படகோட்டிகளைக் கொண்டு எம்மா கோஹனும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், ஒரே அளவு உழைப்பைத் தனியே செய்தபோதைவிட ஒன்றாய் ஒரே தாளத்தில் செய்தபின் வலியைத் தாங்கும் சக்தி கூடியிருந்தது. கூடிச் செய்யும் உழைப்பில் எண்டார்பின் மிகுதியாகச் சுரப்பதன் அடையாளம் அது என்று அவர்கள் கருதினர். வரலாற்றாசிரியர் வில்லியம் மக்னீல் 1941இல் ராணுவத்திற் சேர்க்கப்பட்டு டெக்சாஸில் அணிவகுத்து நடந்தபோது தம்முள் எழுந்த விளங்காத ஆனந்தத்தை ஐம்பதாண்டுகள் மறவாமல், 1995இல் அதையே ஒரு நூலாக எழுதினார். சேர்ந்து அசையும் தசைகள் மனிதரைப் பிணைக்கின்றன என்பது அவர் முடிபு. டிசம்பர் 2ஆம் தேதி பள்ளியின் ஆண்டு நிறைவையொட்டி ஆசிரம விளையாட்டு மைதானத்தில் வருஷந்தோறும் நடைபெற்றுவந்த தேகப்பயிற்சிக் காட்சியில், நூற்றுக்கணக்கானோர் ஒரே தாளத்தில் கை உயர்த்தி வளைந்து நிமிர்வதைக் கண்டவர்களுக்கு மக்னீல் சொல்வது புரியும். அங்கே முதற்பரிசு என்று ஒன்று இல்லை.

கூட்டத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. கடிகாரமும் கைதட்டலும் சேர்ந்தால் அளவு மீறுவது எளிது. பழக்கமில்லாதவர் முதல் வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட்டும் புல்-அப்பும் செய்துவிட்டால் தசைநார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளிப்படும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துச் சேதப்படுத்தும் ராப்டோமயோலிசிஸ் என்னும் நிலை உண்டாகலாம். சிறுநீர் கறுத்துத் தேநீர் நிறமாவது அதன் அறிகுறி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலராத புதுச்சேரியில், சித்திரை வைகாசி மாதங்களில் தகரக் கூரையின் கீழ், இவ்வாபத்து இரட்டிப்பாகிறது. நல்ல கோச் புதிதாய் வந்தவரை உற்சாகப்படுத்துவதைவிட அடக்கி வைப்பதிலேயே அதிகக் கவனம் செலுத்துகிறார். அப்படி அடக்கத் தெரியாதவரிடம் ஒருவரும் சேராதிருப்பது நலம்.

இவ்வளவையும் ஆராய்வது வெறும் சரித்திர ஆவலால் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான தேசிய நீரிழிவு ஆய்வில், நாடு முழுவதற்குமான நீரிழிவு விகிதம் 11.4 சதவீதமாயிருக்க, புதுச்சேரியின் விகிதம் 26.3 சதவீதமாக இருந்தது. அதனை மிஞ்சிய மாநிலம், அதுவும் மயிரிழை அளவில், கோவா ஒன்றே. நான்கில் ஒருவருக்கு மேல் என்று பொருள். தசை சுருங்கும்போது இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்தின் சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டு. அந்தப் பலன் ஓரிரண்டு நாள் நீடித்துப் பின் தேய்ந்துவிடுவதால், இரண்டு நாட்களுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடலாகாது என்று நீரிழிவு மருத்துவர் சொல்கின்றனர். வாரத்தில் 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு, அதனோடு இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்று உலக சுகாதார ஸ்தாபனம் விதிக்கிறது. கடற்கரைச் சாலையில் அதிகாலையில் வாகனங்களைத் தடுத்து நடப்பவர்க்கு வழிவிட்டிருப்பது இந்நகரம் செய்திருக்கும் நல்ல காரியங்களில் ஒன்று. எனினும் நடை அந்த விதியின் முதற்பாதியை மட்டுமே நிறைவேற்றும். பாரம் தூக்குவதும் குந்தி எழுவதும் வேண்டும். அவற்றைச் சரியாகச் செய்யக் கற்பிப்பதற்கு ஒருவரும், வராவிட்டால் கேட்பதற்குச் சிலரும் வேண்டும்.

சிறு ஜிம்முக்குக் கட்டணம் உண்டு. வாடகை, கருவி, கோச்சின் சம்பளம் எல்லாம் அதிலிருந்து வரவேண்டியிருப்பதால் அதைக் குறைகூற இயலாது. ஆனால் முத்தியால்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒரு குடும்பம் அதைக் கொடுத்துச் சேரும் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை. பூங்காக்களில் அரசாங்கம் நிறுத்தும் இரும்புக் கருவிகள் இலவசமே. ஆனால் அங்கே கருவி இருக்கிறது, வேளை இல்லை, கூட்டம் இல்லை, ஆசான் இல்லை. இதற்கு வழி ஆசிரமத்தின் ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அங்கே கேப்டன் என்பவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர் அல்லர். பகலில் வகுப்பெடுத்தவரோ, அச்சகத்தில் வேலை பார்த்தவரோ, முந்தைய ஆண்டுகளில் அதே பிரிவில் பயின்று வளர்ந்த மாணவரோதான் மாலையில் கேப்டனாக நின்றார். ஒரு பேட்டையின் அரசுப் பள்ளி மைதானம் மாலை ஐந்தரைக்குமேல் பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவியை, தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், அதே தெருவைச் சேர்ந்த பழகிய இருவர் மூவரிடம் ஒப்படைத்து, இருபது பேருக்கு மேற்படாத கோஷ்டிகளாக ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்துக்கொள்ளச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சில பார்பெல்கள், கெட்டில்பெல்கள், ஒரு புல்-அப் கம்பி, நம்முடைய கர்லாக்கட்டைகள், பெயர் எழுதுவதற்கு ஒரு பலகை ஆகியவை போதும். கேப்டன்களைப் பழக்குவதற்கு இந்நகரத்திலேயே எண்பதாண்டு அனுபவமுள்ள ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. முதலில் போய்க் கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.